அவர் கேட்டது காதுகளை

1962ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஏழைகள் போகும் ஜெஃபர்சன் டேவிஸ் மருத்துவமனை. மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுத்துவிட வேண்டும் என்று டிம்மி ஜீன் லிண்ட்சே அங்கே வருகிறார். ஆறு பிள்ளைகளின் தாய், கணவரைப் பிரிந்தவர், தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். அதே மருத்துவமனையில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு சர்ஜன்கள் புதிதாக ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் அடைத்த பிளாஸ்டிக் பை ஒன்றை அமுக்கிப் பார்த்தபோது அது பெண்ணின் மார்பைப் போல இருப்பதாக ஜெரோவுக்குத் தோன்றியதில் பிறந்த யோசனை அது. சிலிகோன் உறைக்குள் சிலிகோன் ஜெல். எஸ்மெரால்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தாயிற்று. அடுத்து ஒரு பெண் வேண்டும்.

லிண்ட்சேயிடம் கேட்டார்கள். மார்பைப் பற்றி அவருக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. அவருடைய மனக்குறையெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் காதுகள். காதுகளை ஒட்டவைத்துத் தந்தால் சரி என்றார். இரண்டையும் செய்தார்கள்.

உலகின் முதல் சிலிகோன் மார்பு அறுவை இப்படி நடந்தது. இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் அழகு அறுவைகளில் அதுவும் ஒன்று. பெண்கள் இதை ஏன் செய்துகொள்கிறார்கள் என்று விளக்க வந்த கொள்கைகள் பல. முதல் பெண் அதைக் கேட்கவே இல்லை என்பதை அவற்றில் எதையும் படிப்பதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

*

பரிணாம உளவியல் சொல்வதை அதன் முழு பலத்தோடு எழுதிக்கொள்வதுதான் முறை.

1871இல் டார்வின் பாலினத் தேர்வைப் பற்றி விரிவாக எழுதினார். தோகை மயிலின் உயிரைக் காக்காது, ஆனால் பெட்டையைக் கொண்டுவந்து சேர்க்கும். 1972இல் ராபர்ட் டிரிவர்ஸ் அதற்கு ஒரு கணக்கைக் கொடுத்தார். குஞ்சுக்காக, குட்டிக்காக எந்தப் பாலினம் அதிகம் செலவழிக்கிறதோ அது இணையைத் தேர்வதில் கறாராக இருக்கும். மற்றது போட்டி போடும். மனித இனத்தில் ஆணும் பிள்ளை வளர்ப்பில் பங்கெடுப்பதால் அவனும் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்கிறான். கருத்தரிக்கும் திறன் கண்ணுக்குத் தெரியாது. அதன் அடையாளங்களாகப் பழகிப்போனவை தெரியும். தெளிந்த தோல், அடர்ந்த கூந்தல், ஒடுங்கிய இடை. அந்த அடையாளங்களைத் தேடும் கண்ணுள்ள ஆண்கள் அதிகப் பிள்ளைகளைப் பெற்றார்கள், அவர்களுடைய கண் நமக்கும் வந்தது. ஆகவே அந்த அடையாளங்களைக் கத்தியின் உதவியால் கூட்டிக்கொள்வதே அழகு அறுவை.

கடைசி வாக்கியம் வரைக்கும் கூடவே நடக்க முடிகிறது. அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கால் இடறுகிறது. கண்ணுக்கு எது பிடிக்கிறது என்பது ஒரு கேள்வி. ஒருத்தி ஏன் அறுவை மேசையில் போய்ப் படுக்கிறாள் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் எழுதிவிடுகிறார்கள்.

*

டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம் போன்றது. 37 பண்பாடுகள், 10,047 பேர். இந்தியாவும் அதில் உண்டு. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஆண்கள் தோற்றத்துக்குப் பெண்களைவிடக் கூடுதல் மதிப்பு கொடுத்தார்கள், பெண்கள் வருமானத்துக்கு ஆண்களைவிடக் கூடுதல் மதிப்பு கொடுத்தார்கள். இது திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகிறது. அதே ஆய்வில், அன்பும் புரிந்துகொள்ளும் குணமும் அறிவும் இரு பாலாரின் பட்டியலிலும் அழகுக்கும் பணத்துக்கும் மேலே இருந்தன. இதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

பத்து ஆண்டுகள் கழித்து ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் அதே தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பெண்களின் நிலை மேம்பட்ட நாடுகளில், கணவனின் வருமானத்துக்குப் பெண்கள் கொடுக்கும் மதிப்பு குறைந்திருந்தது. கையில் சொந்தப் பணம் இருக்கும் பெண் வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கிறாள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையா என்று நம் வீட்டுப் பெரியம்மாக்கள் கேட்கலாம். தேவைதான். எண்கள் இல்லாவிட்டால் 'இயற்கை' என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள்.

*

0.7.

இடையின் சுற்றளவை இடுப்பின் சுற்றளவால் வகுத்தால் வரும் எண். இந்தியாவில் பிறந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தேவேந்திர சிங் 1993இல் இதைப் புகழ்பெறச் செய்தார். எடை மூன்று விதம், இடை நான்கு விதம், ஆக மொத்தம் 12 கோட்டுப் படங்கள். பார்த்தவர்கள் 0.7 என்ற விகிதத்தையே அதிகம் விரும்பினார்கள். மிஸ் அமெரிக்கா பட்டம் வென்றவர்களின் அளவுகளையும் பிளேபாய் இதழின் நடுப்பக்க அழகிகளின் அளவுகளையும் எடுத்துப் பார்த்தார். எடை காலத்துக்கேற்ப இறங்கியிருந்தும் இந்த விகிதம் பெரிதாக அசையவில்லை.

1998இல் டக்ளஸ் யூ, கிளென் ஷெப்பர்ட் இருவரும் பெரு நாட்டின் தென்கிழக்குக் காட்டுக்குப் போய், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக இருந்த மட்சிகெங்கா மக்களிடம் அதே மாதிரிப் படங்களைக் காட்டினார்கள். அங்கிருந்த ஆண்கள் பருத்த உடலையும் ஒடுங்காத இடையையும் ஆரோக்கியம் என்றார்கள். காட்டை விட்டு வெளியே வந்து ஊர்களில் குடியேறிய மட்சிகெங்காக்களின் விருப்பம் அமெரிக்க விருப்பத்தை நோக்கி நகர்ந்திருந்தது. தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடமும் முதலில் இதே போன்ற முடிவுதான் கிடைத்தது. பின்னர் பக்கவாட்டில் நிற்கும் படங்களைக் காட்டியபோது முடிவு கொஞ்சம் மாறியது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

இயற்கை இதில் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1987இல் ஜூடித் லாங்லாய்ஸ் குழுவினர் கைக்குழந்தைகளிடம் முகப் படங்களைக் காட்டினார்கள். பெரியவர்கள் அழகு என்று சொன்ன முகங்களைக் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. ஒரு மாத இதழையும் புரட்டிப் பார்க்காத குழந்தைகள். அழகு முழுக்க முழுக்க விளம்பரக்காரன் கட்டிய கதை என்று சொல்பவர்கள் இந்தக் குழந்தைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

*

நிக்கோ டின்பெர்கன் பறவைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று. தன் முட்டையைவிடப் பல மடங்கு பெரிய பொய் முட்டையை வைத்தால், பறவை தன் முட்டையை விட்டுவிட்டு அதன்மேல் ஏறி உட்காரப் பார்க்கும். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இவர் ஒருவர். பெரிதாக்கிய மார்பும் ஊதிய உதடும் இந்தப் பொய் முட்டையின் வகைதான் என்று எழுதுகிறார்கள். பார்ப்பவனின் கண்ணைப் பற்றி இது ஏதோ சொல்கிறது. மயக்க மருந்து ஏற்றிக்கொள்ளும் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

*

பென்சில்வேனியா, 1985. ஏப்ரல் ஃபாலன், பால் ரோசின் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு ஒன்பது உருவப் படங்களைக் கொடுத்தார்கள். மிக ஒல்லியில் தொடங்கி மிகப் பருமன் வரை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், எப்படி இருக்க ஆசை, எதிர்பாலாருக்கு எது பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள், உங்களுக்கு எதிர்பாலாரில் எது பிடிக்கும்?

ஆண்களுக்கு முதல் மூன்று பதில்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தன. இருக்கிறபடியே சரி. பெண்களின் பதில்கள் பிரிந்து விழுந்தன. ஆண்களுக்குப் பிடிக்கும் என்று பெண்கள் நினைத்த உருவம், ஆண்கள் உண்மையில் விரும்பியதைவிட ஒல்லி. பெண்கள் தங்களுக்காக ஆசைப்பட்ட உருவம் அதைவிடவும் ஒல்லி.

இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆணைக் கவர்வதுதான் நோக்கம் என்றால், ஆணின் விருப்பம் எங்கே நிற்கிறதோ அங்கே பெண்ணின் ஆசையும் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. தாண்டிப் போகிறது. அப்படியானால் அவள் வேறு யாருடைய கண்ணையோ மனத்தில் வைத்திருக்கிறாள்.

*

எங்கள் தெருவில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அக்கா, மூக்கை ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றாள்.

யாரையாவது பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. குரூப் போட்டோ எடுத்தா என் மூக்குதான் முன்னாடி வந்து நிக்குது. அழகா இருக்கணும்னுகூட இல்ல. யாரும் கவனிக்காத மாதிரி இருந்தாப் போதும்."

ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு காதுகுத்து வீட்டில் அத்தை ஒருத்தி சொன்னாளாம்: "எல்லாம் அம்மாவைக் கொண்டிருக்கு, மூக்கை மட்டும் எங்கண்ணன் குடுத்துட்டான், பாவம்." அன்றைக்கு அத்தை கட்டியிருந்த சேலையின் நிறம், பந்தியில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் சிரித்தார்கள் எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல மூக்கு அது, அவள் முகத்துக்குப் பொருந்தியதுதான். ஆனால் நான் அப்படிச் சொன்னபோது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அத்தை சொன்னதுதான் உள்ளே போயிருந்தது.

*

கேத்தி டேவிஸ் நெதர்லாந்தில் செய்த ஆய்வு (நூலாக வந்தது 1995) இந்தப் பெண் சொன்னதை விரிவாகச் சொல்கிறது. அந்த நாட்டில் ஒரு காலத்தில் அழகு அறுவைக்கும் அரசுக் காப்பீடு கிடைத்தது. தோற்றம் 'இயல்பின் எல்லைக்கு வெளியே' இருக்கிறதா என்று ஓர் அதிகாரி பார்த்து முடிவு செய்வார். டேவிஸ் அந்த அறையில் உடன் உட்கார்ந்து பார்த்தார். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். வந்தவர் உடம்பில் எதைச் சரிசெய்ய வந்திருக்கிறார் என்று பெரும்பாலும் டேவிஸால் ஊகிக்கவே முடியவில்லை. அத்தனை சாதாரணமான பெண்கள்.

அவர்களோடு பேசியபோது கிடைத்த பதிலும் ஏறத்தாழ ஒன்றே. பேரழகியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மற்றவர்களைப் போல ஆக வேண்டும். நீச்சல் குளத்துக்குப் போக வேண்டும், கடையில் துணி போட்டுப் பார்க்க வேண்டும், தன் உடம்பைப் பற்றி நினைக்காமல் ஒரு நாள் இருக்க வேண்டும்.

மயில் தோகையை விரிப்பது பார்க்கப்படுவதற்காக. இந்தப் பெண்கள் கேட்டது பார்வையிலிருந்து விடுதலை.

*

வரலாற்றைப் புரட்டினாலும் இதுதான். 1896, பெர்லின். காதுகள் துருத்திக்கொண்டிருந்ததால் கேலிக்கு ஆளாகிப் பள்ளிக்கூடம் போக மறுத்த ஒரு சிறுவனுக்கு ஜாக் ஜோசப் என்ற மருத்துவர் காதைச் சரிசெய்தார். அறுவை நன்றாக முடிந்தது. அழகுக்காகக் கத்தியை எடுத்தார் என்று அவருடைய வேலை போயிற்று. இரண்டாண்டு கழித்து மூக்கைச் சிறிதாக்கும் அறுவையைச் செய்தார். அதைச் செய்துகொண்டவரும் ஆண். அவர் சொன்ன காரணமும், போகிற இடமெல்லாம் தன் மூக்கையே பார்க்கிறார்கள் என்பதுதான். யூதரான ஜோசப்பிடம் யூதர்கள் பலர் வந்தார்கள். கூட்டத்தில் தனியாகத் தெரியக் கூடாது என்பதே அவர்கள் வேண்டியது.

1950களின் நடுவில் கொரியா. அமெரிக்கப் படையோடு போன சர்ஜன் ரால்ஃப் மில்லார்ட் அங்கே இரட்டை இமை அறுவை செய்தார். (ஜப்பானில் 1896லேயே இது தொடங்கியிருந்தது.) மில்லார்டிடம் வந்தவர்களில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர். அவரும் ஆண்தான். ஒடுங்கிய கண்களைப் பார்த்து அமெரிக்கர்கள் தன்னை நம்பத் தயங்குகிறார்கள் என்பது அவருடைய குறை. சோறு போடும் முதலாளிக்கு முகம் பிடிக்க வேண்டும்.

இணைதேடல் என்ற ஒரே சாவியால் இந்தப் பூட்டுகள் எதுவும் திறக்கவில்லை.

*

வயதைப் பற்றி ஒரு குறிப்பு. கருத்தரிக்கும் திறனை விளம்பரப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், மாதவிடாய் நின்ற பெண்கள் முகச் சுருக்கத்தை இழுத்துக் கட்டிக்கொள்வது ஏன்? பிள்ளைகளைப் பெற்று முடித்தவர்கள் வயிற்றுத் தோலை வெட்டிக்கொள்வது ஏன்? கணவன் கைநழுவிப் போகாமல் காப்பதற்கு என்று பதில் தயாராக இருக்கிறது. கணவனை இழந்தவர்? அப்போது வேறு பதில். திருமணமே வேண்டாம் என்பவர்? அதற்கும் ஒன்று. 1979இல் ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் உயிரியலாளர்களைப் பார்த்துச் சொன்ன குற்றச்சாட்டு இதுதான்: எந்த உறுப்பைக் காட்டினாலும் அது எதற்காக வந்தது என்று பின்னாலிருந்து ஒரு கதை கட்டிவிடலாம், கதை கட்ட முடிவதால் அது உண்மையாகிவிடாது.

*

பெண்களுக்குள் நடக்கும் போட்டியைப் பற்றிப் பரிணாம உளவியல் சொல்வதைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2011இல் கனடாவில் டிரேசி வைலன்கோர்ட் செய்த சோதனை. இரண்டிரண்டு பெண்களாக ஓர் அறையில் உட்கார வைக்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வருகிறாள். சில நாள் சாதாரண டி-ஷர்ட், பேன்ட், கொண்டை. சில நாள் குட்டைப் பாவாடை, கழுத்திறக்கிய மேல்சட்டை, பூட்ஸ். ஒரே பெண்தான். கொண்டை போட்டு வந்த நாள்களில் யாரும் கண்டுகொள்ளவில்லை. மற்ற நாள்களில் மேலும் கீழும் பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள், அவள் வெளியே போனதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மறைவாக வைத்த கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது.

இது உண்மை. காதுகுத்து வீட்டில் பேசியதும் ஒரு பெண்தான். ஆனால் போட்டி எப்போது சூடுபிடிக்கிறது என்று கேட்டால் விடை மரபணுவில் இல்லை. 2018இல் கேண்டிஸ் பிளேக் குழுவினர் 113 நாடுகளிலிருந்து, கவர்ச்சியாக எடுத்துக்கொண்ட பல்லாயிரம் சுயபடங்களை ஆராய்ந்தார்கள். பெண்கள் ஒடுக்கப்படும் இடங்களில் இவை அதிகமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. வருமான ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள இடங்களில்தான் இவை அதிகம். அமெரிக்காவுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு கூடிய பகுதிகளில் அழகு நிலையங்களின் வருமானம் கூடியிருந்தது. ஏணியின் படிகள் விலகிப் போகப் போக, கால் வைக்கக் கிடைக்கும் எதையும் மனிதர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். சிலருக்குக் கிடைப்பது தோற்றம் ஒன்றே.

பிளேக்கும் பரிணாமப் பார்வையில்தான் வேலை செய்கிறார். அந்தப் பார்வை பணத்தையும் பசியையும் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு கூர்மையாகிறது என்பதற்கு இது சான்று.

*

டேனியல் ஹாமர்மெஷ், ஜெஃப் பிடில் இருவரின் 1994 ஆய்வு: தோற்றம் சுமார் என்று மதிப்பிடப்பட்டவர்களின் சம்பளம் மற்றவர்களைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவு. ஆண்களுக்கும் இதே தண்டனைதான். அப்படியிருந்தும் உலக அளவில் அழகு அறுவை செய்துகொள்வோரில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள்.

தென் கொரியாவில் வேலை விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டுவது நெடுநாள் வழக்கம். சியோலின் கங்னம் பகுதியில் அழகு அறுவை மருத்துவமனைகள் தெருத் தெருவாக நிற்கின்றன. 2017இல் அரசுத் துறை வேலைகளுக்குப் புகைப்படமில்லாத விண்ணப்பம் என்று அரசு கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு இளம் பெண்கள் பலர் தங்கள் ஒப்பனைப் பொருள்களை உடைத்து, முடியை ஒட்ட வெட்டிப் படம் போட்டார்கள். பரிணாமம் ஓராண்டில் மாறாது. விண்ணப்பப் படிவம் மாறும்.

*

பிரேசில் பற்றி நீளமாக எழுத வேண்டும். அங்கிருந்து ஒரு இழை சென்னை வரைக்கும் வருகிறது.

1961 டிசம்பர் 17. ரியோவுக்கு அக்கரையில் நிதெரோய் என்ற ஊரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வெந்த உடல்களுக்குச் சிகிச்சையளித்தவர்களில் இவோ பிதாங்கி என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் ஒருவர். உலகப் பணக்காரர்களும் நட்சத்திரங்களும் தேடி வந்த சர்ஜன் ஆனார். அதே ஆள் ரியோவின் சாந்தா காசா தரும மருத்துவமனையில் ஒரு பிரிவை நடத்தி, ஏழைகளுக்கும் மூக்கும் முகமும் மார்பும் சரிசெய்து கொடுத்தார். தோற்றத்தால் வரும் வேதனை பணக்காரருக்கு மட்டும் வருவதில்லை என்பது அவர் வாதம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தீபம் ஏந்திச் சென்றவர், மறுநாள் இறந்தார்.

மானுடவியலாளர் அலெக்சாண்டர் எட்மண்ட்ஸ் இந்த மருத்துவமனைகளின் வராந்தாக்களில் காத்திருக்கும் பெண்களோடு பல காலம் பேசி 2010இல் நூல் எழுதினார். வீட்டு வேலை செய்பவர்கள், கடையில் நிற்பவர்கள். அறுவை இலவசம் அல்லது மலிவு. செய்பவர்களில் பலர் பயிற்சி மருத்துவர்கள். ஏழையின் உடம்பில் பழகிய கை பிற்பாடு பணக்காரரிடம் போகிறது. அந்த நாட்டு வேலை விளம்பரங்களில் 'நல்ல தோற்றம்' தேவை என்று வரும். வெளுத்த தோல் வேண்டும் என்பதை மறைத்துச் சொல்லும் வழி அது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நம் ஊரிலும் வரவேற்பாளர் வேலைக்கு விளம்பரம் படிப்பவர்களுக்கு இது விளங்கும்.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பு அழகு அறுவைக்கு இலவசப் பிரிவு தொடங்கினார்கள். ஏழைகளுக்கு ஏன் அழகு சிகிச்சை கிடைக்கக் கூடாது என்று அன்றைய அமைச்சர் சி. விஜயபாஸ்கர் கேட்டார். இங்கே கிடைக்காவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ போவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அரசுப் பணத்தை இதில் போடலாமா, உயிர் காக்கும் சிகிச்சைக்கே பற்றாக்குறை இருக்கும்போது இது எதற்கு என்று எதிர்ப்பும் வந்தது. கேலியும் வந்தது.

மார்பின் கனத்தால் தோள்பட்டையும் முதுகும் வலித்துத் தூக்கம் கெட்ட பெண்கள் அந்த வரிசையில் நின்றார்கள். நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்களுக்கு அந்த வலி சாதாரணமானதில்லை. தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்கு ஆகும் தொகை அவர்களுக்கு எட்டாதது. ஆகவே பிரிவைத் தொடங்கியது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆதரித்தவர்கள் அழகு என்றார்கள், எதிர்த்தவர்கள் ஆடம்பரம் என்றார்கள். வரிசையில் நின்றவர்கள் என்ன கேட்டார்கள் என்பது செய்தியில் அடிக்குறிப்பாகப் போயிற்று.

*

இருண்ட பக்கம் ஒன்றும் இருக்கிறது, அதைத் தவிர்க்க முடியாது.

ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் நாடுகளில் மார்பு உள்வைப்பு செய்துகொண்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. மார்புப் புற்றுநோயால் இறப்பது அவர்களிடம் கூடவில்லை. தற்கொலை கூடியிருந்தது, மற்ற பெண்களைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. உள்வைப்பு தற்கொலைக்குக் காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஏற்கெனவே துயரத்தில் இருந்த சிலர் சிகிச்சை தேடி வந்த கதவு தவறான கதவு என்று கொள்வதே பொருத்தம்.

உடல் உருச் சிதைவு மனநோய் என்று ஒன்று இருக்கிறது. பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிய ஒரு குறையை நாளெல்லாம் கண்ணாடியில் தேடிக்கொண்டே இருப்பது. மனநல மருத்துவர் கேத்தரின் ஃபிலிப்ஸ் 1996இல் இதைப் பற்றிப் பொது வாசகருக்காக எழுதினார். இவர்களுக்கு அறுவை பெரும்பாலும் உதவுவதில்லை. மூக்கைச் சரிசெய்தால் கவலை தாடைக்கு நகரும். மனநல மருந்தும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் உதவுகின்றன. பரிணாமக் கொள்கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், இந்த நோயுள்ள பெண்ணை எதிரே உட்காரவைத்து 'போட்டியில் முந்த விரும்புகிறாள்' என்று படிக்கும் மருத்துவர் அவளுக்குப் பெருந்தீங்கு செய்கிறார்.

*

உயிருக்கே ஆபத்தான அறுவையும் உண்டு: உடம்பின் வேறிடத்துக் கொழுப்பை எடுத்துப் பிட்டத்தில் செலுத்துவது. பிட்டத் தசைக்குள் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. ஊசி ஆழமாகப் போய் அவை கிழிந்தால் கொழுப்பு நேராக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய் அடைக்கும். 3,000 பேரில் ஒருவர்வரை இறக்கக்கூடும் என்று 2017இல் சர்ஜன்களின் குழு மதிப்பிட்டது. அழகு அறுவைகளிலேயே மிக மோசமான எண். பின்னர் முறைகளைத் திருத்தினார்கள். தசைக்குள் செலுத்தக் கூடாது, தோலுக்கடியில் மட்டும் என்பது இப்போதைய விதி. மார்பு உள்வைப்பும் ஆயுள் முழுக்க வருவது இல்லை. பலருக்கு மறுபடி அறுவை தேவைப்படும். இதைச் சொல்லாமல் முன்பணம் வாங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

*

வீட்டில் ஒரு பெண் மூக்கையோ மார்பையோ மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் திட்டாதீர்கள். 'நீ அப்படியே அழகுதான்' என்று ஒரு வாக்கியத்தில் முடித்தும் விடாதீர்கள், அது காதில் ஏறாது. யாருக்காக என்று கேட்டால் 'எனக்காக' என்ற பதில்தான் வரும், அந்தப் பதிலும் பொய் இல்லை. கேட்க வேண்டியது வேறு: இதை முதன்முதலில் உனக்குச் சொன்னது யார், எப்போது, எங்கே? அறுவைக்குப் பிறகு நீ செய்யப்போகிற, இப்போது செய்ய முடியாத காரியம் என்ன? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால், நல்ல சர்ஜனைத் தேடிக் கொடுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவரா என்று பாருங்கள், அழகு நிலையத்தில் ஊசி போட விடாதீர்கள். பதில் வராமல் அழுகை வந்தால் மனநல மருத்துவரிடம் முதலில் அழைத்துப் போங்கள்.

குடும்ப விசேஷங்களில் பிள்ளைகளின் மூக்கையும் நிறத்தையும் பற்றி வாயைத் திறக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.